"ஒரு கையெழுத்துதானே!" - விஷ வாயுக் குழாய்களைச் சோதிக்கும் வீரபாண்டிக்காரர்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் 'சால்ட்' கண்டுபிடித்தவர்களுக்கு அந்த நாற்றம் மறந்திருக்காது. அழுகிய முட்டை வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் நண்பனைச் சந்தேகமாகப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அதன் பெயர் ஹைட்ரஜன் சல்ஃபைடு.

லேபுக்கு வெளியே அது சிரிக்கிற விஷயமில்லை. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால், 100 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஆள் அங்கேயே நிற்பார். 1,000 பங்கு என்றால் ஓரிரு மூச்சு போதும், விழுந்துவிடுவார். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். மலக்குழிக்குள் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்தார் என்று நம்மூரில் அடிக்கடி செய்தி படிக்கிறோமே, அங்கே பெரும்பாலும் இருப்பது இதே வாயுதான்.

பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் எரிவாயுவிலும் சில இடங்களில் இது கலந்தே வரும். எண்ணெய் வயல்களில் அதற்குப் பெயர் 'சவர் கேஸ்'. அபுதாபியின் ஷா வயலில் கிடைக்கும் வாயுவில் நூற்றுக்கு 23 பங்கு இதுதான். பத்து லட்சத்தில் 100 பங்கே மூக்கைச் சாகடிக்கும் என்றால், நூற்றுக்கு 23 என்பது என்ன கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில், மும்பைக்கு மேற்கே கடலில் இருக்கும் பசேய்ன் வயலிலிருந்து குஜராத்தின் ஹசிராவுக்குக் கடலடிக் குழாயில் வருவதும் சவர் கேஸ்தான். அதில் அளவு மிகக் குறைவு. ஹசிராவில் ஓ.என்.ஜி.சி. ஆலை அதைப் பிரித்தெடுத்த பிறகுதான் வாயு வெளியே போகிறது.

குழாய் ஒரே நீளமாக வராது. ஏறக்குறைய 12 மீட்டர் துண்டுகளாக வரும். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 80-க்கும் மேற்பட்ட ஜாயின்ட்கள். ஒவ்வொன்றையும் ஒரு வெல்டர் பற்றவைப்பார். 'இது சரியாக இருக்கிறது' என்று இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அப்படிக் கையெழுத்துப் போட்டே 24 வருடங்களை ஓட்டியவர், தேனியிலிருந்து கம்பம் போகும் ரோட்டில் இருக்கும் வீரபாண்டியைச் சேர்ந்தவர். பெயர் வேண்டாம் என்கிறார். சைட்டில் பெயரே ஊர்தான். "மலையாளிங்க வீரத்தை விட்டுட்டாங்க, பாண்டியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க" என்று சிரிப்பார்.

கண்ணுக்கு ஒரு பரீட்சை

வீரபாண்டி என்றதும் தேனிக்காரர்களுக்குக் கெளமாரியம்மன்தான் ஞாபகம் வரும். முல்லைப் பெரியாற்றங்கரை, சித்திரைத் திருவிழா, தீச்சட்டி, ஆயிரங்கண் பானை. பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இங்கே வந்து வழிபட்டுப் பார்வை பெற்றான் என்பது கோயிலின் வரலாறாகச் சொல்லப்படுகிறது. அருகிலேயே கண்ணீஸ்வரமுடையார் கோயில். இந்த ஊரில் பிறந்தவருக்குக் கண்ணை வைத்துப் பிழைக்கிற வேலை அமைந்தது தற்செயல்தான். ஆனால், அவருடைய அம்மா அப்படி நினைக்கவில்லை. மகன் ஒவ்வொரு வருடமும் எழுதும் கண் பரீட்சைக்கு முந்தைய வாரம் அம்மனுக்கு விளக்குப் போட்டுவிடுவார்.

அந்தப் பரீட்சை நிஜம். வெல்டிங்கைச் சோதிப்பவர் வருடத்துக்கு ஒருமுறை, ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் அட்டையைப் பிடித்து, அதிலிருக்கும் பொடி எழுத்தை வாசித்துக்காட்ட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். வாசிக்க முடியாவிட்டால், எத்தனை சான்றிதழ் இருந்தாலும் படம் பார்க்கக் கூடாது. 'படம்' என்பது எக்ஸ்ரே படம். கை ஒடிந்தால் எடுக்கிற மாதிரி குழாயின் ஜாயின்ட்டுக்கும் எடுப்பார்கள். ஆஸ்பத்திரி மெஷினுக்குப் பதிலாகப் பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்கத் துணுக்கு. சுமார் 74 நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். பெட்டிக்குள் இருக்கும்வரை சாது. கேபிளைச் சுற்றி அதை வெளியே அனுப்பியதும் சுற்றுவட்டாரத்தில் ஆள் இருக்கக் கூடாது. அதனால்தான் படம் எடுப்பது பெரும்பாலும் ராத்திரி வேலை. நம் நாட்டில் இந்தப் பெட்டியைத் தொடவே தனிப் பயிற்சியும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் உண்டு. சும்மா இல்லை. 1999-ல் பெரு நாட்டின் யானாங்கோ நீர்மின் நிலையத்தில், குழாயைப் படம் எடுக்க வந்த இரிடியத் துணுக்கு கீழே கிடக்க, என்னவென்று தெரியாத வெல்டர் ஒருவர் எடுத்துப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான். காலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

எடுத்த படத்தை இருட்டறையில், பின்னால் பலமான விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். கறுப்புக்குள் கொஞ்சம் கூடுதல் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தால், உள்ளே காற்றுக்குமிழி. ஒழுங்கில்லாத கறை என்றால் கசடு மாட்டியிருக்கிறது. நடுவில் ஊசியால் கீறியதுபோல் ஒரு கோடு என்றால், அன்று ராத்திரி வெல்டருக்குத் தூக்கம் போச்சு.

எக்ஸ்ரேக்குத் தெரியாதது

இதுவரை சொன்னது எந்தக் குழாய்க்கும் பொருந்தும். கம்பத்தைத் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைத் தேனி மாவட்டத்தில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அவற்றுக்குள் போவது பெரியாற்றுத் தண்ணீர். அழுத்தம் பயங்கரம்தான். ஆனால், தண்ணீர் இரும்பைத் துரு ஏற்றும், மெல்லத் தேய்க்கும். தடிமனை அளந்தால் தெரிந்துவிடும்.

சவர் கேஸ் செய்கிற வேலை வேறு. வாயுவோடு ஈரம் சேர்ந்தால் இரும்போடு வினை நடக்கும். அதில் ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கும். வழக்கமாக அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியாகிப் போய்விட வேண்டும. கந்தகம் அதைச் சேரவிடாது. தனியாக நிற்கும் ஹைட்ரஜன் அணு, மிகச் சின்ன அணு. அது இரும்புக்குள் நுழைந்துவிடும். உள்ளே எங்கே இரும்பு விறைப்பாக, கடினமாக இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். ஒருநாள், வெளியே எந்த அடையாளமும் இல்லாமல், குழாய் கண்ணாடி மாதிரி விரிந்துவிடும். தேய்ந்து, மெலிந்து, எச்சரித்துவிட்டு உடைவதில்லை.

கடினமான இரும்பு நல்லதுதானே என்று தோன்றும். அரிவாளுக்கு நல்லது. கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் முக்குவது அதற்காகத்தான். சட்டென்று குளிர்ந்த இரும்பு கடினமாகும், கூடவே முறியும் குணமும் வரும். வெல்டிங்கிலும் தெரியாமல் இதுதான் நடக்கிறது. உருகிய இரும்பு ஒரு விரல் அகலம். சுற்றிலும் குளிர்ந்த கனத்த குழாய். சூட்டை அது உறிஞ்சிக்கொள்ள, ஜாயின்ட்டை ஒட்டிய ஓரம் அரிவாளைப்போல விறைத்துவிடும். அதனால்தான் பற்றவைக்கும் முன்பே குழாயைச் சூடேற்றுகிறார்கள். முடிந்த பிறகும் சில ஜாயின்ட்களுக்கு ஹீட்டர் கட்டி, 600 டிகிரிக்கு மேல் ஏற்றி, மெதுவாக இறக்குகிறார்கள். வெல்டிங் ராடை அடுப்பில் வாட்டிச் சூடாகவே வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. ஈரமான ராடு, ஹைட்ரஜனைத் தானே ஜாயின்ட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.

இந்த விறைப்புக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். வைரக் கூரால் இரும்பைக் குத்தி, விழும் குழியை அளக்கும் விக்கர்ஸ் முறையில் 250. சவர் கேஸுக்கு எந்த உலோகம் ஆகும், எது ஆகாது என்று சொல்லும் விதிநூலை அமெரிக்காவின் அரிமானப் பொறியாளர்கள் சங்கமான 'நேஸ்' 1975-ல் வெளியிட்டது. பிறகு அது ஐ.எஸ்.ஓ. 15156 என்று உலகத்துக்கே பொதுவானது.

சிக்கல் என்னவென்றால், எக்ஸ்ரே படத்தில் ஓட்டை தெரியும், கசடு தெரியும், விறைப்பு தெரியாது. 200 இருக்கும் ஜாயின்ட்டும் 300 இருக்கும் ஜாயின்ட்டும் படத்தில் ஒரே மாதிரி சாம்பல் நிறம்தான். வாயு தொடுவதோ குழாயின் உட்புறம்; பற்றவைத்து முடித்த பிறகு அங்கே கை போகாது. அதனால், வேலை தொடங்கும் முன்பே மாதிரி ஜாயின்ட் ஒன்றைப் பற்றவைத்து, குறுக்கே அறுத்து, லேபில் வரிசை வரிசையாகக் குத்திப் பார்ப்பார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு கரைத்த உப்புக் கரைசலில் துண்டுகளை முக்கிவைக்கிற சோதனைகளும் உண்டு. ஒன்று 96 மணி நேரம், இன்னொன்று இழுவிசையோடு 720 மணி நேரம், அதாவது முழுசாக ஒரு மாதம். மாதிரி தேறினால், அதே ராடு, அதே கரன்ட், அதே சூடு, அதே வேகத்தில்தான் சைட்டிலும் பற்றவைக்க வேண்டும். வெல்டர் அப்படித்தான் செய்தாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதும் ஒரு சோதனைதான். பாலைவன வெயிலில் யாருக்கும் பிடிக்காத சோதனை.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு காஸ்பியன் கடல் சாட்சி. கஜகஸ்தானின் கஷாகான் வயல் 2000-ல் கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்தின் பெரிய எண்ணெய் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து, ஏறக்குறைய 5,000 கோடி டாலர் கொட்டின என்பார்கள். அங்கே வாயுவில் நூற்றுக்கு சுமார் 15 பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு. 2013 செப்டம்பர் 11-ம் தேதி உற்பத்தி தொடங்கியது. இரண்டே வாரம், 24-ம் தேதி கரையில் குழாய் கசிந்தது. சரிசெய்து திறந்தார்கள், அக்டோபரில் மறுபடி கசிவு. மூடிவிட்டார்கள். தோண்டி எடுத்து ஆராய்ந்தபோது ஏராளமான விரிசல்கள். உலோகத்தின் கடினம் அந்த இடங்களில் எதிர்பாராத அளவுக்கு ஏறியிருந்தது. பற்றவைப்பில்தான் கோளாறு என்று விரல் நீண்டது. பழுது பார்க்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. தலா 95 கிலோமீட்டர் நீளத்தில் எண்ணெய்க்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று என்று இரண்டு குழாய்களையும் அரிப்பைத் தாங்கும் உலோகக் கலவை உள்பூச்சோடு புதிதாகப் போட்டார்கள். அதற்கான ஒப்பந்தம் மட்டும் 180 கோடி டாலர். 2016 அக்டோபரில்தான் மறுபடி எண்ணெய் வெளியே போனது. மூன்று வருடம்!

கஷாகானில் உயிர் போகவில்லை. எல்லா இடத்திலும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2003 டிசம்பர் 23 ராத்திரி, சீனாவின் சோங்சிங் பகுதியில் ஒரு கிணற்றிலிருந்து சவர் கேஸ் பீறிட்டது. வெல்டிங் கோளாறல்ல, துளையிடும்போது நடந்த விபத்து. சுற்றுக் கிராமங்களில் 243 பேர் இறந்துபோனார்கள். நம் பக்கத்து மாநிலத்தில், 2014 ஜூன் 27 அதிகாலை, ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அது சவர் கேஸ் இல்லை. காய்ந்த வாயு போக வேண்டிய குழாயில் ஈர வாயு போய், உள்ளே அரித்ததுதான் காரணம் என்று பேசப்பட்டது. குழாயை ஒட்டி வீடுகளும் கடைகளும் இருந்தன.

37-ம் 41-ம்

வீரபாண்டிக்காரர் ஐ.டி.ஐ. முடித்துத் திருச்சியில் ஹெல்ப்பராகச் சேர்ந்தவர். பெல் நிறுவனத்தைச் சுற்றியிருக்கும் பட்டறைகளில்தான் தமிழ்நாட்டின் பாதி வெல்டர்கள் தொழில் கற்றார்கள் என்று சொன்னால் அதிகமில்லை. அவரும் அங்கேதான் ராடு பிடிக்கக் கற்றார். பிறகு படம் எடுக்கும் குழுவில் பெட்டி தூக்கினார், படிப்படியாகப் பரீட்சை எழுதினார், வளைகுடா போனார். தங்கை கல்யாணம், ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய மாடி வீடு, எல்லாம் அந்தக் கையெழுத்தில் வந்தவை.

சுமார் 20 வருடங்களுக்கு முன்பு நடந்த ஒன்றை அவர் அதிகம் பேசுவதில்லை. பாலைவனத்தில் ஒரு சவர் கேஸ் குழாய் வேலை. முந்தைய ராத்திரி எடுத்த படங்கள் மேஜைக்கு வந்தன. 37-ம் நம்பர் ஜாயின்ட் நன்றாக இருந்தது. ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழி, விதிப்படி அனுமதிக்கக்கூடிய அளவு. கையெழுத்துப் போட்டார். 38, 39, 40. அப்புறம் 41. அதிலும் ஓரத்தில் கடுகளவு குமிழி. அதே இடத்தில்.

வெல்டிங்கின் மேற்புறத்தில் விழும் அலைகள் கைரேகை மாதிரி. ஒரே வெல்டர் ஒரே நாளில் பற்றவைத்தாலும் ஒன்றுபோல் இன்னொன்று அமையாது. அவர் 37-ஐ எடுத்து 41-ன் மேல் வைத்து விளக்குக்கு முன்னால் பிடித்தார். அலைக்கு அலை, புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது. ஒரே ஜாயின்ட்டை, ஈய நம்பரை மட்டும் மாற்றி மாற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள். பழைய படங்களை அள்ளிப்போட்டு விடியும்வரை ஒப்பிட்டுப் பார்த்தார். அப்படி 11 ஜாயின்ட்.

காலையில் சப் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்தார். அவரும் தமிழர்தான். "அண்ணே, ராத்திரி மணல் காத்து. பசங்க நாலு மணி நேரம் நின்னு பாத்துட்டு முடியாமப் பண்ணிட்டானுங்க. எல்லாம் ராமநாதபுரம் பக்கத்துப் பயலுக. ஒருத்தன் தங்கச்சிக்கு அடுத்த மாசம் கல்யாணம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிருச்சு."

அவர் போடவில்லை. 11 ஜாயின்ட்டையும் மறுபடி படம் எடுத்தார்கள். எட்டு தேறியது. மூன்றில் அடிவேரில் இரும்பு சரியாக உருகிச் சேரவே இல்லை.

இப்படியொரு கதையில் இந்த இடத்தில் கைதட்டல் விழ வேண்டும். விழவில்லை. படம் எடுத்த பையன்கள் இரண்டு பேரையும் அந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மணல் காற்றில் படம் எடுக்கச் சொன்னவர் அங்கேயே இருந்தார். இரண்டு மாதம் கழித்து இவருடைய ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் எழுத்தில் இல்லை. வீட்டுக் கடன் பாதி நிற்க, எட்டு மாதம் வீரபாண்டியில் உட்கார்ந்திருந்தார். காலையில் தடுப்பணைப் பக்கம் போவார், வெயில் ஏறினால் வருவார்.

அம்மா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏன்ப்பா, ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு வந்திருக்க வேண்டியதுதானே?"

அவரிடம் பதில் இருந்தது. 250 கணக்கு, ஹைட்ரஜன் கணக்கு எல்லாம் இருந்தது. சொல்லவில்லை. அம்மா கேட்டது ஹைட்ரஜனைப் பற்றி இல்லை என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கும் அவரை உறுத்துவது வேலை போனதல்ல. "அந்தப் பய தங்கச்சி கல்யாணம் நடந்துச்சான்னு கேக்காம விட்டுட்டேன்" என்பார். அந்தப் பையன் மேல் தப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டார். மூன்று ஜாயின்ட் மோசமாக இருந்ததே!

அம்மா இப்போது இல்லை. அவருக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது, கடன் அடைந்தது, இரண்டு வருடத்துக்கு முன்பு மொத்தமாக ஊர் திரும்பிவிட்டார்.

ராத்திரி ஒன்றே முக்கால்

அதே தங்கையின் மகன், மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்துவிட்டு, திருச்சியில் தங்கி வெல்டிங் சோதனைப் படிப்பும் முடித்தான். மாமாவைப் பார்த்து ஆசைப்பட்டதா, வேறு வேலை கிடைக்காததாலா என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. முதல் வேலை வட மாநிலத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில், ஷட்டவுன் வேலை. ஆலையை நிறுத்திவைத்துப் பழைய குழாய்களை மாற்றுவார்கள். ஒவ்வொரு நாளும் நஷ்டக் கணக்கு ஓடும் என்பதால், எல்லோருக்கும் அவசரம். கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் இடத்தில் போகும் குழாய்கள்; உள்ளே அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு.

அங்கே அவனுடைய வேலை, ஹீட்டர் கட்டிச் சூடேற்றி இறக்கிய ஜாயின்ட்களின் விறைப்பை அளப்பது. ஆலைக் குழாய்களில் வெல்டிங்குக்கான எல்லை வேறு அளவுகோலில், பிரினெல் 200. அளக்கும் கருவியின் பெயர் டெலிபிரினெல்லர். பெயர்தான் பெரிது. உள்ளே விறைப்பு எவ்வளவு என்று முன்பே தெரிந்த ஓர் இரும்புச் சட்டம்; அதன் கீழ் ஓர் எஃகு உருண்டை. ஜாயின்ட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரே ஒரு அடி. உருண்டை மேலே இருக்கும் தெரிந்த இரும்பிலும், கீழே இருக்கும் தெரியாத இரும்பிலும் ஒரே நேரத்தில் குழி போடும். இரண்டு குழிகளின் அகலத்தையும் சின்ன மைக்ராஸ்கோப்பில் அளந்து கணக்குப் போட வேண்டும். இன்றைக்குப் பட்டனை அழுத்தினால் எண் காட்டும் மெஷின்கள் வந்துவிட்டன. ஆனாலும், பல ஆலைகள் இந்தச் சுத்தியலை விடவில்லை.

கிளம்பும் முன்பு மாமா சொல்லி அனுப்பியது ஒன்றுதான். "மாப்ள, அந்தக் குழி அழியாது. நீ அடிச்சியா அடிக்கலையான்னு பத்து வருசம் கழிச்சு வந்து பாத்தாலும் தெரியும். குழி இல்லாத ஜாயின்ட்டுக்கு நம்பர் எழுதிராத."

மூன்றாவது வாரம், ராத்திரி ஒன்றே முக்காலுக்கு வீரபாண்டியில் போன் அடித்தது.

"மாமா, தூங்கிட்டீங்களா?"

"சொல்லு மாப்ள."

"26 ஜாயின்ட். 17 அடிச்சுட்டேன். எல்லாம் 175, 180, 185. இன்னும் ஒன்பது இருக்கு. அதுக்குச் சாரம் ஏறணும். காலையில ஆறு மணிக்குத் தண்ணி டெஸ்ட்டாம். அதே வெல்டர், அதே ராடு, 180-ன்னு எழுதிருன்னு சைட் இன்சார்ஜ் நிக்கிறாரு."

தண்ணி டெஸ்ட் என்பது, குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வடிவமைத்த அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது. பார்க்கப் பிரமாண்டமாக இருக்கும். ஓட்டை இருந்தால் பீச்சிக் காட்டிக்கொடுத்துவிடும். விறைத்த ஜாயின்ட்டை மட்டும் காட்டிக்கொடுக்காது. தண்ணீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிடையாதே.

மாமா உபதேசம் எதுவும் செய்யவில்லை. "சார்ட்டு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். ஹீட்டர் கட்டும்போது ஜாயின்ட்டில் சூடு எவ்வளவு ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது, எப்படி இறங்கியது என்று காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வரும். அதுதான் சார்ட்டு.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. காகிதம் புரட்டும் ஓசை.

"22-ம் நம்பர்ல கோடு பாதியிலேயே கீழ விழுகுது மாமா. ஒயர் கழண்டிருக்கும்னு ஓரத்துல எழுதியிருக்காங்க."

"ஒயர் கழண்டுச்சா, கரன்ட்டு போச்சா?"

"தெரியல."

"அப்ப முதல்ல அதுல ஏறி அடி. பெல்ட்டு மாட்டிட்டு ஏறு. அவசரப்படாத."

போனை வைத்த பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. மனைவி எழுந்து வந்து யாரென்று கேட்டதற்கு, "சும்மா, பயதான்" என்றார். அந்தப் பையனுக்கு வயது 22. படிப்புக்கு வாங்கிய கடன் அவனுடைய அப்பா பெயரில் இருக்கிறது. சைட் இன்சார்ஜ் நினைத்தால் அடுத்த ஷட்டவுனுக்குக் கூப்பிடாமல் விடலாம். இதெல்லாம் மாமாவுக்குத் தெரியாததா? 'எழுதிட்டு வந்துருப்பா' என்று சொல்லியிருக்கவும் முடியும். அவருடைய அம்மா இருந்திருந்தால் சொல்லச் சொல்லியிருப்பார்.

நாலு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. டார்ச் வெளிச்சத்தில் ஜாயின்ட், நடுவில் பளபளவென்று ஒரு சின்னக் குழி, பக்கத்தில் சாக்பீஸில் 22. கீழே: '231 மாமா.' கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: '24-ம் போச்சு. 218. மத்த ஏழும் ஓகே.'

இரண்டு ஜாயின்ட்டும் ஒரே லைனில், பக்கத்துப் பக்கத்தில் ஹீட்டர் கட்டியவை. கழன்றது ஒயரல்ல, போனது கரன்ட்டு.

ஆறு மணி டெஸ்ட் நடக்கவில்லை. மறுபடி ஹீட்டர் கட்டி, காப்புத் துணி சுற்றி, 620 டிகிரிக்கு ஏற்றி, நிறுத்தி, இறக்க ராத்திரியாகிவிட்டது. ஆலைக்காரர்கள் எதுவும் சொல்லவில்லை. சைட் இன்சார்ஜ் இரண்டு நாளாக அவனிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், அடுத்த ஷட்டவுனுக்கு ஆள் எடுக்கும் பட்டியல் ஒட்டினார்கள். அதில் அவன் பெயர் இல்லை.

அன்று சாயங்காலம் அவனுடைய அம்மா, அண்ணன் வீட்டுக்கு வந்து ஸ்பீக்கர் போட்டுப் பேசினார்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேம்மா."

"சம்பளம் போட்டாங்களா?"

"அடுத்த வாரம் போடுவாங்களாம்."

"அடுத்த வேலை எங்கயாம்?"

"பாக்கணும்மா."

அவர் போனை அண்ணனிடம் நீட்டினார்.

"மாப்ள, ரெண்டாவது தடவ அடிச்சதுல எவ்வளவு வந்துச்சு?"

"22-ல 188. 24-ல 184 மாமா."

"சரி, வச்சுரு. அம்மாட்ட நான் பேசிக்கிறேன்."